ஆறு பட்டு ரவிக்கைகள்

பட்டுத் துணியில் ஒருமுறை ஊசி இறங்கிவிட்டால் அந்தத் துளை மறையாது. பருத்தி என்றால் இரண்டு துவைப்பில் மூடிக்கொள்ளும். தையல் தெரிந்த எவருக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும். ஆகவே நான் எதையோ மறைக்கப் பார்த்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், போலீஸ் கொமிசேர் ஐயா. மறைக்க நினைக்கிறவள் பட்டில் கைவைக்க மாட்டாள்.

என் பெயர் கைருன்னிஸா. சைகோனில் துணிக்கடை வைத்திருக்கும் கமாலுதீன் என் தம்பி. இறந்துபோன மெஹர் பானு அவன் பெண்சாதி. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். நாகூரில் வாழ்க்கைப்பட்ட நான், நான்காம் மாதமே காரைக்காலுக்குத் திரும்பி வந்துவிட்டேன். விறகுக்கட்டையோடு எப்படிக் குடும்பம் நடத்துவது என்று கேட்டு என் புருஷன் அனுப்பிவிட்டார். பிறகு நல்ல சதைப்பிடிப்பான ஒருத்தியை நிக்காஹ் செய்துகொண்டார். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் குமாஸ்தா சிதம்பரநாதன் பிள்ளை அதையும் எழுதிக்கொள்கிறார், எழுதட்டும்.

போன வருஷம் ஊருக்கு வந்தபோது தம்பி ஆறு ரவிக்கைக்குப் பட்டு கொண்டுவந்தான். ஆறும் பானுவுக்கு. எனக்கு ஒரு குடை. வெயிலுக்கும் மழைக்கும் ஆகும் என்றான், ஆகத்தான் செய்தது. ஆறு ரவிக்கையையும் நான்தான் தைத்துக் கொடுத்தேன். பூரிப்பான உடம்பு அவளுக்கு. துண்டுத் துணிகூட மிஞ்சவில்லை.

அவளுக்கு இரண்டு பிள்ளை தங்காமல் போயிருந்தது. இந்த வருஷம் நோன்புப் பெருநாள் கழிந்த வாரம் நானேதான் அவளை டாக்டரிடம் கூட்டிப்போனேன். உடம்பு இளைத்தால் பிள்ளை தங்கலாம் என்று அவர் சொன்னார். சோற்றைப் பாதியாக்கு, சீனியை விடு, முட்டையும் மீனும் கறியும் கீரையும் வயிறு நிறையச் சாப்பிடு, மாதம் ஒருமுறை வந்து காட்டு என்றார். தம்பி மார்கழியில் வருவதாக இருந்தான். அதற்குள் இளைத்துவிட வேண்டும், இந்தத் தடவையாவது ஒரு பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதைத் தவிரப் பானுவுக்கு வேறு நினைப்பே இல்லை.

ஒரு மாதத்தில் நன்றாகவே இளைத்தாள். ஒரு வியாழக்கிழமை பச்சை ரவிக்கையைப் போட்டுக்கொண்டு என் தையல் மிஷின் முன்னால் வந்து நின்றாள்.

"லாத்தா, ரெண்டு வெரலு உள்ள போவுது, பாருங்களேன்" என்று சுற்றிச் சுற்றிக் காட்டினாள். அக்காவை நாங்கள் லாத்தா என்போம்.

இளைத்தது போதும் என்று தோன்றிவிட்டால் மனுஷி பத்தியத்தை விட்டுவிடுவாள் அல்லவா? மறுநாள் அவள் மதியத் தூக்கத்தில் இருந்தபோது அந்த ரவிக்கையின் இரண்டு பக்கமும் கொஞ்சம் பிடித்துத் தைத்தேன். மற்ற ஐந்தையும் அதே அளவுக்குப் பிடித்தேன். ஒன்றை மட்டும் பிடித்தால் அவளுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்த முறை போட்டபோது அவள் முகம் வாடிவிட்டது. "துணி சுருங்கிடுச்சா லாத்தா?" என்று கேட்டாள். சைகோன் பட்டு சுருங்காதும்மா என்றேன். பொய்யில்லை ஐயா. அந்தப் பட்டு சுருங்கவே சுருங்காது.

அன்றிலிருந்து அவள் சோற்றைத் தொடவில்லை. ஒரு வாரம் போனதும், நோன்பு பிடித்தால் இன்னும் சீக்கிரம் குறையுமா என்று கேட்டாள். ரமலானில் விட்டுப்போன நோன்பைப் பிறகு பிடித்து அடைப்பதைக் களா என்போம். உனக்குத்தான் களா பாக்கி இருக்கிறதே, பிடிக்கிறது நல்லதுதானே என்றேன். இதில் என்ன தப்பு? களா ஆறு நாளில் முடிந்தது. அவள் விடவில்லை. முதலில் திங்களும் வியாழனும், அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். சாப்பிடாதே என்று நான் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நோன்பு திறக்கிற நேரத்தில் அவித்த முட்டையும் மீனும் அவள் முன்னால் வைக்கத்தான் செய்தேன். ஒரு வாய் தண்ணீரும் ஒரு பேரீச்சம்பழமும் எடுத்துக்கொண்டு தட்டை என் பக்கம் தள்ளிவிடுவாள். வீணாக்கக் கூடாது என்று நான் சாப்பிட்டேன்.

நெடுங்காட்டிலிருந்து முட்டை கொண்டுவரும் காசியம்மாதான் ஒருநாள் வாசலில் நின்று கேட்டாள். "ஏம்மா, வாரத்துக்கு ரெண்டு டசன் வாங்குறீங்க. அந்தப் புள்ள வத்திப்போயிக் கெடக்கு. நீங்கதான் பூசுனாப்புல இருக்கீங்க." அதன் பிறகு அவளிடம் வாங்குவதை நிறுத்திவிட்டேன். வாய் நீளம் அவளுக்கு.

மூன்றாவது முறை ரவிக்கைகளைப் பிடித்துத் தைத்த பிறகு பானு தன் கண்ணாடி வளையல்களை முழங்கை வரை ஏற்றிக் காட்டினாள். "வளையலு கழண்டு விழுவுது. ரவிக்கை மட்டும் ஏன் லாத்தா புடிக்குது?" கை முதலில் இளைக்கும், இடுப்பும் மாரும் கடைசியில்தான் இளைக்கும் என்றேன். தலையாட்டினாள். நான் சொல்வதை அப்படியே நம்புகிற பெண். அவளைப் போல என்னை யாரும் நம்பியதில்லை.

அவளுக்குக் குர்ஆன் ஓதத் தெரியும், தமிழ் எழுத்து தெரியாது. தம்பி எழுதும் கடிதங்களை நான்தான் வாசித்துச் சொல்வேன். புரட்டாசியில் வந்த கடிதத்தில், "பானுவை உடம்பை வருத்திக்கொள்ள வேண்டாம் என்று சொல்லுங்கள் லாத்தா. பிள்ளையை அல்லா கொடுக்கும்போது கொடுக்கட்டும். அவள் இருந்த மாதிரியே இருந்தால் எனக்குப் போதும்" என்று எழுதியிருந்தான். கப்பல் வரும் தேதியை வாசித்தேன், அங்கே மழை என்பதை வாசித்தேன். அந்த மூன்று வரியை விட்டுவிட்டேன். இவ்வளவு பாடுபட்ட பெண் அதைக் கேட்டால் மனம் உடைந்துபோவாள் என்று பட்டது. அன்று நான்காவது முறை பிடித்தேன்.

ஐப்பசியில் ஐந்தாவது முறை. கிணற்றடியில் மயங்கி விழுந்தாள். டாக்டரிடம் போக வேண்டாம், நோன்பை விடச் சொல்லிவிடுவார் என்று அவளே என் கையைப் பிடித்துக் கெஞ்சினாள். அவள் பேச்சை மதித்தேன். அதற்கு மேல் நான் ரவிக்கையைத் தொடவில்லை. பத்து நாளில் அது அவளுக்குத் தொளதொளத்துவிட்டது. படுத்தபடியே உள்ளே கையை விட்டுப் பார்த்துச் சிரித்தாள். "கொறைஞ்சிட்டேன் லாத்தா. அவுங்க வந்தா அடையாளமே தெரியாது, என்னா?" என்றாள். அன்று நானே கஞ்சி காய்ச்சி ஊட்டினேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். உடம்பு ஏற்றுக்கொள்ளவில்லை. கார்த்திகை பிறந்து மூன்றாம் நாள் மவுத்தாகிவிட்டாள்.

மையத்தைக் குளிப்பாட்ட ஆஸியா பீவி வந்தாள். வெட்டி எடுத்த பச்சை ரவிக்கையை உதறி வெளிச்சத்தில் பிடித்தாள். இரண்டு பக்கமும் ஐந்து வரிசைத் துளை. "இதெ யாரு புடிச்சது கைருன்னிஸா?" என்று கேட்டாள். நான்தான் என்றேன். உடனே சொன்னேன், ஐயா. அவள்தான் அதை மடித்து எடுத்துக்கொண்டு உங்களிடம் வந்திருக்கிறாள்.

ஆம், நான்தான் செய்தேன். இந்த ஐந்து வரிசையும் என் கை வேலை. அவளை மெலியவைத்தது பசி என்று எழுதினாலும் சரி, நான் என்று எழுதினாலும் சரி, கைநாட்டு வேண்டாம், எனக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். தம்பிக்கு ஒரு பிள்ளை பிழைக்கட்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணம் கிடையாது.

ஐந்தாவது முறையோடு ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறீர்கள். இரக்கம்தான், வேறென்ன? மற்ற ரவிக்கைகள் எங்கே என்றும் கேட்டீர்கள். ஒன்று உங்கள் மேசைமேல் இருக்கிறது. நான்கு என் பெட்டியில் இருக்கின்றன. ஆறாவதைத் துப்பட்டிக்குள் நான் போட்டிருக்கிறேன். அளவு நாடா தொடாமல் கண்ணளவில் பிடித்ததுதான், ஆனாலும் எனக்கு எந்த இடத்திலும் இறுக்கவுமில்லை, தொளதொளக்கவுமில்லை.