அமராவதிக்கு அருள் வந்த அன்று

மே மாதத்தில் சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் உட்கார இடம் கிடைப்பதே பெரிய விஷயம். அந்த நெரிசலில் வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்குகிறவர்களுக்கு முதலில் ஒரு சொம்பு மோர் கொடுப்பது என் வழக்கம். என் தம்பி வைத்திலிங்கமும் அவன் பெண்டாட்டி அமராவதியும் லீவுக்குக் கடலூரிலிருந்து வந்த அன்றும் கொடுத்தேன். மாரியம்மன் திருவிழாவுக்குக் காப்புக் கட்டி மூன்றாம் நாள் அது. மோரில் உப்பு ஜாஸ்தி என்றாள் அமராவதி. எனக்குக் கோபம் வரவில்லை சார். எதிலாவது ஒரு நொட்டை சொன்னால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

தம்பி உங்களிடம் கொடுத்த மனுவில் ஊர்மேல் பழி போட்டிருக்கிறான். பம்பைக்காரர் காத்தவராயனைக் கொண்டுவந்து ஸ்டேஷனில் உட்கார வைத்திருக்கிறீர்கள். அந்த ஆளுக்கு அடி என்றால் அடிக்கத் தெரியும், நிறுத்து என்றால் நிறுத்தத் தெரியும். வேறு ஒரு இழவும் தெரியாது. அவரை விட்டுவிடுங்கள் என்று சொல்லத்தான் நானே வந்தேன்.

என் பெயர் சௌந்தரம். புருஷன் போய் இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அந்த வருஷத்திலிருந்து கரக ஊர்வலத்தில் எனக்குத்தான் அருள் வரும், நான்தான் குறி சொல்வேன். பெண்ணுக்கு வரன், துபாய் விசா, காணாமல் போன மாடு, எதுவானாலும் அன்றைக்கு என்னிடம்தான் கேட்பார்கள். மற்ற நாளில் "ஏய் சௌந்தரம்" என்கிறவன் அன்றைக்கு "ஆத்தா" என்று காலில் விழுவான். வருஷத்துக்கு ஒரு நாள். எனக்கு அது போதுமானதாக இருந்தது.

அதைப் போன வருஷம், இரண்டாயிரத்து ஏழில், அமராவதி கெடுத்தாள். அவள் பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் டீச்சர். நான் ஆடிக்கொண்டிருக்கும்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தாள். "ஒண்ணுமில்லைங்க, வெறும் வயித்தோட வெயில்ல நிக்கிறாங்க. மயக்கந்தான். தண்ணி குடிங்க அண்ணி" என்று பாட்டிலை நீட்டினாள். நானும் தாகத்தில் வாங்கிக் குடித்துவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு. நாலு பேர் சிரித்தார்கள். அதற்கப்புறம் குறி கேட்க ஒரு நாய் வரவில்லை. கடைத்தெருவில் எனக்கு "மயக்கம்" என்று பட்டப்பெயர் வைத்துவிட்டார்கள். நல்ல எண்ணத்தில்தான் செய்தாள் என்று தம்பி சொன்னான். இருக்கலாம். ஒரு வருஷம் பூராவும் எனக்கு வயிறு எரிந்தது.

இந்த வருஷம் சமாதானமாகப் போகலாம் என்று நினைத்துத்தான் வந்தாள். வழக்கமாக ஊர்வலம் தெருவுக்குள் வரும்போது வாசலில் நின்று பார்ப்பதோடு சரி. இந்தத் தடவை, "அண்ணி, நானும் ஒங்ககூட மஞ்சப் பொடவ கட்டிக்கிட்டு ஆத்துக்கு வரேன்" என்றாள்.

"வாயேன். ஒன்ன யாரு வேணாம்னா" என்றேன்.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே சர்க்கரை வியாதி. காலையில் வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டு அரை மணி நேரத்தில் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் என்ன ஆகும் என்று அவளே எனக்குப் பாடம் நடத்தியிருக்கிறாள். வேர்க்கும், கை நடுங்கும், கண்டபடி கத்துவாள், பேச்சுக் குழறும், அப்புறம் விழுந்துவிடுவாள். "ஒரு வாய் சக்கரத் தண்ணி குடுத்தா போதும் அண்ணி, எழுந்துருவேன்" என்றும் சொல்லியிருக்கிறாள். நான் நன்றாகக் கேட்டு வைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் காலையில், "இட்லி வெந்துடுச்சி, ஊசியப் போட்டுக்க" என்றேன். போட்டுக்கொண்டாள். குண்டானில் தண்ணீர்கூடக் கொதிக்கவில்லை. சொல்லி வைத்தாற்போல் பம்பைச் சத்தம் கேட்டது. "கெளம்பிட்டாங்க பாரு. தோ, அரை மணில வந்துடலாம், வந்து சூடா சாப்புடலாம்" என்றேன். வெள்ளாற்றுக்குப் போய்க் கரகம் ஜோடித்துத் திரும்ப மூன்று மணி நேரம் ஆகும். அவள் கைப்பையில் எப்போதும் பிஸ்கட் வைத்திருப்பாள். "தோல் பை கரகத்துக்கிட்ட ஆவாது" என்று வாங்கிப் பீரோவில் வைத்தேன். அது பொய்யில்லை, எங்கள் ஊர் வழக்கம்.

திரும்பும்போது அக்னி நட்சத்திர வெயில். முன்னால் பேண்டு செட்டும் பொய்க்கால் குதிரையும், அப்புறம் கரகம், அதற்குப் பின்னால் மஞ்சள் புடவையில் நாங்கள். கடைத்தெரு முனையில் அவளுக்கு வேர்த்துக் கொட்டியது. கை நடுங்கியது. கண் எங்கேயோ நிலைகுத்தி நின்றது. காத்தவராயன் அதைப் பார்த்துவிட்டுப் பம்பையை அவள் பக்கம் திருப்பி அடித்தார். "டீச்சரம்மாவுக்கு அருளு வந்துட்டுதுடி" என்று பொம்பளைகள் குலவை போட்டார்கள். வேப்பிலையைக் கையில் கொடுத்தார்கள். அவள் அதை வீசி எறிந்து, "வுடுங்கடி என்ன" என்று கத்தினாள். சாமி உக்கிரமாக இருக்கிறது என்று இன்னும் பத்துப் பேர் விழுந்து கும்பிட்டார்கள். ஒருத்தி தன் மகளுக்கு எப்போது குழந்தை தங்கும் என்று கேட்டாள்.

தம்பி அங்கே இல்லை. கோயிலில் தீக்குழிக்கு விறகு அடுக்கிக்கொண்டிருந்தான்.

நூருல் அமீன் பாய் வருஷா வருஷம் தன் கடை வாசலில் ஊர்வலத்துக்குச் சர்பத் கொடுப்பார். ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டு ஓடி வந்தார். "யக்கா, இது சாமி மாதிரி தெரியலக்கா. எங்க அத்தாவுக்கு சுகர் எறங்குனா இப்டித்தான் ஆவும். ஒரு வாய் குடிக்கச் சொல்லுங்க."

கிளாஸ் அவள் உதட்டுக்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. நான் அதன் வாயைக் கையால் மூடினேன். "படைக்காதத இந்த வாயில வைக்கக் கூடாது பாய். ஒங்களுக்குத் தெரியாது, நவுருங்க" என்றேன். அடுத்தவர் சாமி விஷயத்தில் தலையிடக் கூடாது என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். பாவம், நல்ல மனுஷன்.

அம்மன் சர்க்கரைப் பொங்கல் கேட்டாள், பொங்கி முடிப்பதற்குள் டீச்சரைக் கூட்டிக்கொண்டாள் என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். தம்பிக்கு ஆள் போய், அவன் ஓடி வந்து வாயில் சர்க்கரையைத் திணித்தபோது அவளுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. சிதம்பரம் போகும் வழியில் ஆட்டோவிலேயே முடிந்துவிட்டது. இப்போது அந்த முனையில் சூலம் நட்டு விளக்கு வைக்கிறார்கள். என்னிடமும் பழையபடி குறி கேட்க வருகிறார்கள்.

அம்மன் ஒன்றும் கேட்கவில்லை சார். அமராவதிதான் என் தோளைப் பிடித்துக்கொண்டு என் காதில் கேட்டாள். "அண்ணி... சக்கர... சக்கர குடுங்கண்ணி." நினைவு இருந்தது அவளுக்கு. நான் கொடுப்பேன் என்று நம்பித்தான் கேட்டாள். பம்பை நின்றது. "ஆத்தா என்னா கேக்குறா?" என்று அத்தனை பேரும் என் வாயைப் பார்த்தார்கள். ஒரு வருஷத்துக்கு அப்புறம் பார்த்தார்கள்.

"சக்கரப் பொங்கல் கேக்குறா. புதுப்பானை எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன்.

நடுத்தெருவில் மூன்று செங்கல் வைத்து நானே அடுப்பு மூட்டினேன். பச்சரிசியை மூன்று தண்ணீர் விட்டுக் களைந்து போட்டேன். யாரோ கொண்டுவந்து கொடுத்த வெல்லம் என் மடியில் இருந்தது. பின்னால் அவள் விழுந்த சத்தம் கேட்டது. நான் திரும்பவில்லை, தீயைக் கொஞ்சம் தணித்து வைத்தேன். அரிசி குழைந்த பிறகுதான் வெல்லம் போட வேண்டும். முன்னாலேயே போட்டால் அரிசி வேகாது சார், உங்கள் வீட்டில் கேட்டாலும் சொல்வார்கள்.