எரியாத மஞ்சள் விளக்கு

குளிர் தொடங்கினால் எல்லா டயரிலும் காற்று கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். அதற்குப் பயப்பட வேண்டியதில்லை என்று என் ஷெட்டுக்கு வருகிறவர்களிடம் நானே சொல்வேன். கார் எலக்ட்ரிக்கல் வேலையில் பாதி வண்டியைச் சரிசெய்வது, மீதி வந்தவரின் பயத்தைத் தெளியவைப்பது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வேண்டுமென்றே ஆளை ஏமாற்றுகிறவன் என்று என்னை நினைத்துவிடாதீர்கள்.

மச்சான், அதாவது என் மனைவியின் தம்பி, ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். பழையதுதான், பார்த்தால் சொல்ல முடியாது. இரண்டே இருக்கை. தரையோடு தரையாகப் படுத்திருக்கும். வாங்கிய வாரத்திலேயே டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. ஒவ்வொரு சக்கரத்துக்குள்ளும் வால்வோடு சேர்ந்து ஒரு சின்ன சென்சார் இருக்கிறது. அது உள்ளே இருக்கும் காற்றை அளந்து வண்டிக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். குறைந்தால் அந்த விளக்கு எரியும்.

"காத்தெல்லாம் கரெக்டா இருக்கு அத்தான். இது சும்மா எரியுது," என்றான்.

ஸ்டார்ட் செய்து பார்த்தேன். விளக்கு கொஞ்ச நேரம் மினுக்கிவிட்டு, பிறகுதான் நின்று எரிந்தது. மினுக்கினால் கோளாறு சென்சாரில். ஸ்கேனரைப் போட்டேன். ஒன்றிலிருந்து பதிலே இல்லை, அதன் பேட்டரி செத்திருந்தது. புதியது மாட்டினேன். சில நாளில் விளக்கு மறுபடி எரிந்தது. பழைய சென்சார்களை நம்ப முடியாது என்று மீதி மூன்றையும் மாற்றினேன். அதற்குப் பிறகும் எரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமனார் வீட்டில் எல்லோரும் சேர்ந்து சாப்பிடுவது வழக்கம். அங்கே, கோளாறு சென்சாரில்தான் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தபோது, மச்சான் எனக்கு ஒரு பெயர் வைத்தான். "எங்க அக்கா அத்தான் வீட்டுக்கு விளக்கேத்தப் போனா. அத்தான் என் வண்டிக்கு விளக்கேத்த வந்தாரு," என்றான். அன்றிலிருந்து நான் விளக்கேத்தி. மாமனார் சாப்பாட்டுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். என் மனைவியும் சிரித்தாள். சிரிப்பு வந்தால் சிரிக்கத்தானே செய்வார்கள். எனக்கு அதில் ஒன்றுமில்லை.

மச்சானின் மனைவி மட்டும் சிரிக்கவில்லை. முறைக்கு அவள் எனக்குத் தங்கை. "அந்த விளக்கு எரியற வரைக்கும் நான் அதுல ஏற மாட்டேன்ணா. நீங்க நிதானமாப் பாருங்க," என்றாள்.

நிதானமாகத்தான் பார்த்தேன். இப்போது விளக்கு மினுக்குவதில்லை, எடுத்த எடுப்பிலேயே நின்று எரிந்தது. அப்படி எரிந்தால் சென்சார் நன்றாக இருக்கிறது, காற்றுதான் குறைகிறது என்று அர்த்தம். நான்கு சக்கரங்களையும் கழற்றி, காற்றைக் கூட்டி அடித்து, தண்ணீர்த் தொட்டியில் ஒவ்வொன்றாக முக்கினேன். பின்பக்க வலது சக்கரத்தில், உள்விளிம்பிலிருந்து குமிழி வந்தது. ரிம்மில் மயிரிழை விரிசல். யாரோ முன்பே பற்றவைத்து, மேலே வர்ணம் பூசி விற்றிருக்கிறார்கள். நிற்கும்போது தாங்கும், ஓடிச் சூடேறினால் வாய் திறக்கும். வேகமாக ஓட்டினால் என்ன ஆகும் என்பதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

விளக்கு சொன்னது உண்மை. சென்சார், சென்சார் என்று எல்லோர் எதிரிலும் அடித்துச் சொன்னவன் நான்.

உடனே மச்சானுக்குப் போன் செய்தேன். இதையும் நீங்கள் கவனிக்க வேண்டும். நான் போன் செய்தேன்.

"என்ன அத்தான், இன்னொரு சென்சார் வேணுமா?" என்றான். பின்னால் யாரோ சிரிக்கும் சத்தம்.

"இல்ல. இன்னிக்கு வேலை முடிஞ்சிடும்," என்று வைத்துவிட்டேன்.

பிறகு செய்ததில் பிசிறே இல்லை. சென்சார்கள் நான்கையும் கழற்றினேன். சக்கரங்களில் சாதாரண வால்வு போட்டேன். ஒரு தடித்த பிளாஸ்டிக் குழாய்க்குள் நான்கையும் வைத்து, இரண்டு பக்கமும் மூடி, டயருக்கு அடிக்கிற அளவு காற்றை அதற்குள் அடித்து, டிக்கியின் தளத்துக்கு அடியில் கட்டினேன். நான்கு டயரும் கச்சிதம் என்று குழாய்க்குள்ளிருந்து சென்சார்கள் சொல்ல, வண்டியும் அதை நம்பியது. விளக்கு அணைந்தது. அவன் என்னைக் கேட்டது விளக்கை அணைத்துத் தரச் சொல்லித்தான்.

வண்டியை எடுக்க இருவரும் வந்தார்கள். மச்சான் என்னைக் கட்டிப்பிடித்து, "விளக்கேத்திங்கிற பட்டத்தை இன்னியோட வாபஸ் வாங்கிட்டேன்," என்றான். தங்கை டேஷ்போர்டைக் குனிந்து பார்த்தாள்.

"அப்ப இனிமே நான் உக்காரலாமாண்ணா?"

"விளக்கு எரியலம்மா," என்றேன்.

அவள் கேட்டதற்கு அது பதில் இல்லைதான். பொய்யும் இல்லை.

அதற்கு அடுத்த சனிக்கிழமை நெடுஞ்சாலையில் அந்த டயர் வெடித்தது. வண்டி தடுப்பில் மோதி, அவள் இருந்த பக்கமாகப் புரண்டது. அவள் அங்கேயே போய்விட்டாள். மச்சானுக்கு இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. ஆஸ்பத்திரியில் நான்தான் கூடவே இருந்தேன். கஞ்சியைக் கரண்டியில் எடுத்து ஊட்டியதும் நான்தான், செவிலியரைக் கேட்டுப் பாருங்கள்.

"நான் வேகமாப் போயிட்டேன் அத்தான்," என்பான். பிறகு, "விளக்கு எரியலையே. நான் பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன். எரியலையே," என்பான்.

"எரியலடா. உன்மேல தப்பில்ல," என்று வாயைத் துடைத்துவிடுவேன். அந்த ஆறுதலுக்கு அவன் எவ்வளவு ஏங்கினான் தெரியுமா. கையைப் பிடித்தால் விடமாட்டான்.

நொறுங்கிய வண்டியைப் பிரித்துக் குழாயை எடுத்துவிட்டீர்கள். அதைக் கட்டியது நான். விரிசல் எனக்குத் தெரியும். அது வெடிக்கும் என்பதும் தெரியும். என்றைக்கு என்று தெரியாது, அவ்வளவுதான். மச்சான்மேல் கோபமா, பொறாமையா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். அப்படி எதுவும் இல்லை. சொன்ன சொல்லை மாற்றிச் சொல்வது எனக்கு வராது. அது ஒரு சுபாவம்.

என்னை மிருகம் என்று நீங்கள் முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக இன்னொன்றும் சொல்கிறேன். அந்தச் சனிக்கிழமை காலையில் மச்சான் முதலில் எங்கள் வீட்டுக்குத்தான் வந்தான். தன் அக்காவை ஒரு சுற்று கூட்டிப்போக ஆசை. அவளும் தலை வாரி, செருப்பு மாட்டி, கார்க் கதவைத் திறந்துவிட்டாள். நான் வாசலுக்கு ஓடினேன். நெஞ்சை அடைக்கிறது, நீ போகாதே என்றேன். அவள் பதறிப்போய் உள்ளே வந்துவிட்டாள். "சரி, நான் என் பொண்டாட்டியக் கூட்டிட்டுப் போறேன். அத்தானைப் பாத்துக்க," என்று அவன் கிளம்பினான்.

எனக்கு நெஞ்சு அடைக்கவில்லை. என் மனைவி அந்தக் காரில் ஏறக் கூடாது என்பதற்காகச் சொன்னேன். குடும்பத்தின்மேல் எனக்கு எவ்வளவு அக்கறை என்பதற்கு அது ஒன்றே போதும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.