தலைவர் படம் நல்லா வந்துச்சு

...இப்ப ஒரு தம்பி எழுந்து கேட்டாரு. "ஐயா, வெப்சைட்டை எடிட்டர்ல இழுத்துப் போட்டுச் செய்யறதா? இல்ல, வரி வரியா கோடு எழுதிச் செய்யறதா? எது உசத்தி?" நல்ல கேள்வி. நேரா பதில் சொன்னா கைதட்டிட்டு மறந்துடுவீங்க. அதனால ஒரு குட்டிக் கதையா சொல்றேன். சிரிக்கிற கதை இல்லய்யா...

மலைமேல ஒரு ஊரு. பேரு வேண்டாம். சுத்தி தேயிலை எஸ்டேட். அங்க ஒரு நலச் சங்கம். ஊர் கூடி வசூல் பண்ணி, இலவச ஆம்புலன்ஸ் ஒண்ணு வாங்கினாங்க. நல்ல காரியமா இல்லையா? நல்ல காரியம்! வண்டி வந்தாச்சு, அடுத்து வெப்சைட் வேணும்ல?

செயலாளர் ஞானதுரை. அவரு செல்வமேரின்னு ஒரு கம்ப்யூட்டர் டீச்சர்கிட்ட சொன்னாரு. அந்தப் பொண்ணு உக்காந்து கையாலயே எழுதிச்சு. வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. 'ஆம்புலன்ஸ் வேண்டுமா? இந்த எண்ணைத் தொடுங்கள்.' கீழ நம்பர். அவ்வளவுதான்!

கமிட்டி கூடிச்சு. தலைவர் பார்த்தாரு. "என்னம்மா இது, கருமாதி பத்திரிகை மாதிரி இருக்கு? என் போட்டோ எங்க?" துணைத் தலைவர்: "தலைவருக்கு அடுத்து நான்தானே வரணும்?" பொருளாளர்: "எனக்கு சால்வை போட்ட போட்டோ இருக்கு."

நமக்குத்தான் தெரியுமே! கல்யாணமா இருந்தாலும், காதுகுத்தா இருந்தாலும், பிளெக்ஸ்ல எல்லார் மூஞ்சியும் வரணும். வரிசை மாறினா சண்டை.

ஞானதுரை யோசிச்சாரு. எடிட்டரைத் திறந்தாரு. இழுத்தாரு, போட்டாரு... தலைவர் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாரு, மேலேர்ந்து பூ கொட்டுது. ஆம்புலன்ஸ் நம்பர்? அதையும் பிளெக்ஸ் கடையில தங்க எழுத்துல டிசைன் பண்ணி, படமா வாங்கி அடியில ஒட்டிட்டாரு.

செல்வமேரி பதறிப்போச்சு. "அண்ணே, நம்பரை மட்டும் எழுத்தா போடுங்கண்ணே. எஸ்டேட் பக்கம் சிக்னல் சரியா கிடையாது. படம் இறங்காது."

"என் போன்ல வருதேம்மா!"

வராம? வீட்ல வைஃபை இருக்கே!

ஊரெல்லாம் ஆட்டோவுல மைக் கட்டிச் சொன்னாங்க. 'நம்பர் நம்ம வெப்சைட்ல இருக்கு, வெப்சைட்ல இருக்கு'ன்னு.

அந்த எஸ்டேட்டுக்குப் புதுசா வந்த தொழிலாளி யேசுதாசன். சம்சாரம் புஷ்பம், நிறைமாசம். ஒரு மழை நாளு, மத்தியானம். லயத்துல, அதான் தொழிலாளிங்க குடியிருக்கற வரிசை வீடுங்க, பாதிப்பேர் கொழுந்து பறிக்கப் போயிட்டாங்க. வலி எடுத்து, வீட்லயே பொண்ணு பொறந்துடுச்சு. ஆனா ரத்தம் நிக்கல... 108-க்குப் போன் போட்டான். "வண்டி கீழ டவுனுக்குப் போயிருக்கு, வர நேரமாகும்." பக்கத்து வீட்டம்மா கத்துறாங்க, "சங்கத்து வண்டி இருக்காம்யா! நம்பர் வெப்சைட்ல இருக்காம்!"

திறந்தான். பேசற அளவுக்கு சிக்னல் இருக்கு. படம் இறங்கற அளவுக்கு இல்ல. வட்டம் சுத்துது... சுத்துது... தலைவரோட நெத்தி வந்துச்சு. அப்புறம் மூக்கு வந்துச்சு. கும்பிட்ட கை வந்துச்சு. உள்ள புஷ்பம், "மாமா, குளிருது"ங்கறா. துணைத் தலைவர் வந்தாரு. சால்வை வந்துச்சு. நம்பர் இருக்க வேண்டிய இடத்துல... வெறும் கட்டம்.

கடைசியில தேயிலை லாரியில ஏத்தினாங்க. மலை இறங்கறதுக்குள்ள புஷ்பம் போயிட்டா.

துக்கத்துக்கு ஞானதுரை மாலையோட வந்தாரு. நம்பர் திறக்காத விஷயம் அவருக்குத் தெரியாது. யேசுதாசன் திட்டல, சட்டையைப் பிடிக்கல. மெதுவா சொன்னான்... "தலைவர் படம் நல்லா வந்துச்சுண்ணே."

ஞானதுரை அந்த மாலையைப் போடக்கூட முடியாம நின்னாரு.

தம்பி, கேட்டீங்களே... எடிட்டரா, கோடான்னு? எடிட்டர் மேல எனக்குக் கோபம் இல்ல. அதுலயும் ஒழுங்கா நம்பர் போடலாம். கையால எழுதியும் குப்பை கொட்டலாம். ஆனா ஒவ்வொரு வரியா எழுதறவன், 'இது எதுக்கு'ன்னு ஒரு தடவையாவது யோசிப்பான். இழுத்துப் போடற கைக்கு அந்த யோசனை வர்றதில்லய்யா! தன் திரையில அழகா தெரிஞ்சா போதும்னு எழுந்து போயிடுது. எதுல வேணா செய்யுங்க. செஞ்சு முடிச்சதும் மட்டமான போன் ஒண்ணை எடுத்துக்கிட்டு, சிக்னல் சரியா இல்லாத இடத்துல போய் நின்னு திறந்து பாருங்க. உங்க வீட்ல ஒருத்தர் உயிருக்குப் போராடறதா நெனச்சுக்கிட்டுத் திறந்து பாருங்க.

அந்தக் குழந்தை பொழைச்சுக்கிச்சு. நாளைக்கு வளர்ந்து, "அம்மா எப்படிப்பா செத்தாங்க?"ன்னு கேக்கும். அந்த அப்பன் என்னய்யா சொல்லுவான்? வண்டி இல்லாம செத்துட்டாங்கன்னா?

சங்கத்து வண்டி மேல அடுத்த வளைவுல சும்மாதான்யா நின்னுக்கிட்டிருந்துச்சு...