சிரிப்பு அடங்கும் வரை

நான் வீட்டில் அவ்வளவு வேடிக்கையான ஆள் இல்லை, ஐயா. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. என்னைப் பார்க்கிற எல்லோரும் ஒரு ஜோக்கை எதிர்பார்க்கிறார்கள். நேற்று என் விரல்களை மையில் அழுத்தி ரேகை எடுத்த உங்கள் காவலர்கூட, "ஏதாவது சொல்லுங்க சார், சிரிச்சு நாளாச்சு" என்றார். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. பல் டாக்டரைக் கண்டதும் வாயைத் திறப்பதுபோல, என்னைக் கண்டதும் ஜனங்கள் சிரிப்பதற்கு வாயைத் தயாராக வைத்துக்கொள்கிறார்கள். நான் கருவிப்பெட்டியை மறந்துவிட்டு வந்த டாக்டர்போல நிற்கிறேன்.

வீட்டில் நான் சொல்வது ஜோக்கா இல்லையா என்பது என் மனைவிக்குத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். நான் ஏதாவது சொன்னால், செய்கிற வேலையை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். உதட்டோரம் சிரிப்பு தெரிந்தால் அவளும் சிரிப்பாள். தெரியாவிட்டால் வெங்காயத்தை நறுக்கப் போய்விடுவாள். அவளுக்கு என் முகம்தான் அகராதி.

இறந்தவன் அவளுடைய தம்பி. மேடையில் எங்கள் பெயர் 'அத்தானும் மச்சினனும்'. பெயர் வைத்தது நான். வசனம் எழுதியது நான். எங்கே நிறுத்தவேண்டும், எங்கே திரும்பவேண்டும், எப்போது தண்ணீர் குடிக்கவேண்டும் என்பதெல்லாம் நான். அவன் வேலை மூச்சு விடுவது.

கேலிக்காகச் சொல்லவில்லை. சின்ன வயதிலிருந்தே அவனுக்கு வீசிங் உண்டு. ஒருநாள் ஒத்திகையில் இழுப்பு வந்து, மருந்தடித்து, உட்கார்ந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அத்தான், நம்ம பழைய ஸ்கூட்டர் காலையில கிளம்பாம இப்படித்தானே கத்தும்?" அவ்வளவுதான். அன்றிலிருந்து அது எங்கள் நிகழ்ச்சியின் உச்சம். கிளம்பாத ஸ்கூட்டர், எண்ணெய் போடாத கதவு, மீட்டிங்கில் தூங்கும் மேனேஜர் என்று எல்லாவற்றையும் அவன் நெஞ்சுக்குள்ளிருந்து எடுப்பான். நான் நாக்கு வறள அரைமணி நேரம் பேசி வாங்குகிற சிரிப்பை அவன் ஒரே இழுப்பில் வாங்கிவிடுவான்.

எனக்குப் பொறாமை இருந்ததா என்று கேட்டீர்கள். இல்லை. ஏணிக்குப் பொறாமை வருமா? ஏறுகிறவனின் பாதத்தைப் பார்த்துக்கொண்டு அது பாட்டுக்குச் சாய்ந்திருக்கும்.

எங்கள் தொழிலில் சில ஏற்பாடுகள் உண்டு. அவை புரிந்தால்தான் மற்றது புரியும். அவனுடைய மேடை உடுப்பில் பாக்கெட்டுகளைத் தைத்து மூடியிருந்தோம். "என் அத்தான் வீட்லதான் இருக்கேன். எதையாவது எடுத்துட்டுப் போயிருவேன்னு பாக்கெட்டைத் தச்சுட்டாரு" என்று சொல்லிக் கையை உள்ளே விட முயன்று தவிப்பான். நல்ல சிரிப்பு வரும். ஊசி நூல் எடுத்து அதைத் தைத்தது நானேதான். ஆகவே அவனுடைய இன்ஹேலர் எப்போதும் என் கோட்டுப் பையில் இருக்கும்.

அடுத்தது செருப்பு. பொய்யாக மூச்சிரைக்கிறவனுக்கு நிஜமாகவே மூச்சிரைத்தால் யாருக்குத் தெரியும்? வாயை நம்ப முடியாது, கையை நம்ப முடியாது, இரண்டும் நடித்துக்கொண்டிருக்கும். அதனால் நிஜமாக வந்தால் இடது செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளவேண்டும் என்று வைத்துக்கொண்டோம். ஒரு கம்பெனி ஆண்டு விழாவில் அப்படித் தள்ளினான். நான் உடனே "சின்ன இடைவேளை" என்று சொல்லி அவனை உள்ளே கூட்டிப்போய் மருந்தடித்தேன். திரும்பி வந்து மிச்சத்தை முடித்தோம். ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை, ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, நான் அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். சிரிப்பின் மேல் பேசாதே. ஜனங்கள் சிரிக்கும்போது அடுத்த வரியைச் சொன்னால் அந்த வரியும் போயிற்று, இந்தச் சிரிப்பும் போயிற்று. அடங்கும்வரை நில். அவன் நன்றாகக் கற்றுக்கொண்டான். எவ்வளவு நன்றாக என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது.

அன்று என் மனைவியும் வந்திருந்தாள். அவள் எங்கள் நிகழ்ச்சிக்கு வருவதே அபூர்வம். வீட்டிலேயே போதும் போதும் என்றாகிவிடுகிறதாம். அன்று நல்ல புடவை கட்டிக்கொண்டு, பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு, மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஏதோ விசேஷம்போல முகம் இருந்தது. காரணம் எனக்கு மேடைக்குப் பின்னால் இருந்த அறையில் தெரிந்தது.

அது உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருக்கும் அறை. கண்ணாடியில் ஒரு பல்புதான் எரிந்தது. அதனால் பாதி முகத்துக்குத்தான் பவுடர் போட முடியும். அவன் என் பின்னால் வந்து நின்றான்.

"அத்தான், ஒண்ணு சொல்லணும். கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு. கடன் மட்டும் கேக்காத."

"டிவில ஒரு ப்ரோக்ராம் தர்றாங்களாம். வாராவாரம்."

"நல்ல விஷயம்தானடா."

"என்னை மட்டும்தான் கேட்டாங்க. நீங்க வேணாமாம். பேச்சு பழசா இருக்காம்."

நான் பவுடரைத் தடவிக்கொண்டே இருந்தேன்.

"முடியாதுன்னுட்டேன் அத்தான். நீங்க இல்லாம நான் என்ன செய்யப்போறேன்? அக்காகிட்டயும் சொல்லிட்டேன். அழுதுட்டா."

அதற்குத்தான் அந்தப் புடவை. தன் புருஷனைத் தம்பி விட்டுக்கொடுக்கவில்லை என்பதைக் கொண்டாட வந்திருக்கிறாள். "உன் மனசு யாருக்கு வரும்" என்று அவனிடம் நான் சொன்னேன். மனமாரத்தான் சொன்னேன். அவன் என் தோளில் கை வைத்து அழுத்தினான். என் தோளில் அதுவரை அப்படி யாரும் அழுத்தியதில்லை. சாவு வீட்டில் அழுத்துவார்களே, அப்படி.

எனக்குக் கோபம் வரவில்லை. இதை நீங்கள் நம்பவேண்டும். அவன் என்னை விட்டுவிட்டுப் போயிருந்தால் கோபம் வந்திருக்கும். கோபம் வந்தால் மனிதன் கத்துவான், சாமானை உடைப்பான், காலையில் சரியாகிவிடுவான்.

மேடையேறினோம். கூட்டம் நல்ல கூட்டம். பாக்கெட் ஜோக்குக்குச் சிரித்தார்கள். ஸ்கூட்டருக்கு நாற்காலிக் கைப்பிடியைத் தட்டினார்கள். எண்ணெய் போடாத கதவுச் சத்தத்துக்குப் போகும்போது நிஜ இழுப்பே வந்துவிட்டது. பொய் இழுப்பில் அவனுக்குத் தோள் மட்டும் ஏறும். நிஜமென்றால் கழுத்துக் குழி உள்ளே போகும். நான் ஒரு முழம் தள்ளித்தான் நின்றேன். குழி உள்ளே போவதைப் பார்த்தேன்.

நடிப்பு என்று நினைத்துவிட்டேன் என்று முதலில் உங்களிடம் எழுதிக்கொடுத்தேன் அல்லவா, அதை இப்போது திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

அவன் உடனே செருப்பைத் தள்ளவில்லை. கூட்டம் சிரித்துக்கொண்டிருந்தது. அந்த நிலையிலும் அது அடங்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் இடது செருப்பைக் கழற்றி என் பக்கம் தள்ளினான். இப்படி ஒரு மாணவன் யாருக்குக் கிடைப்பான்.

நான் செருப்பை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டேன். "ஹலோ, ஆமாங்க, இங்கதான் இருக்கான். மூச்சு விட்டுட்டு இருக்கான். விட்டு முடிச்சதும் பேசச் சொல்றேன்" என்றேன்.

நான் எழுதி வைத்த வரி இல்லை அது. தானாக வந்தது. இத்தனை வருடத்தில் எனக்கு அப்படி ஒரு சிரிப்பு கிடைத்ததில்லை, ஐயா. அரங்கமே முன்னால் சாய்ந்தது. அவன் முட்டிபோட்டு என்னைப் பார்த்தான். அடங்குவதற்காகக் காத்திருந்தான். நான் அடங்க விடவில்லை.

கோட்டுப் பையிலிருந்து இன்ஹேலரை எடுத்தேன். அவன் கையை நீட்டினான். நான் அதை முன்வரிசையின் மேல் அடித்தேன், கொசு மருந்து அடிப்பதுபோல. "ரூம் ஃபிரெஷ்னர்ங்க, முதல் வரிசைக்கு மட்டும் இலவசம்" என்றேன். என் அக்குளில் ஒரு அடி. செருப்புக்குள் ஒரு அடி. அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். மருந்து தீர்ந்து வெறும் காற்று வரும்வரை அடித்தேன்.

நடுவில் ஒரு அம்மா எழுந்தார். நர்ஸ் என்று பிறகு தெரிந்தது. "நிறுத்துங்க, அவர் உதடு நீலமாகுது" என்று கத்தினார். அவர் உங்களிடம் சொன்னது முழுக்க உண்மை. நான் அவரைப் பார்த்துக் கும்பிட்டு, "உக்காருங்க அக்கா, உங்க சீன் அடுத்துதான் வருது" என்றேன். சுற்றியிருந்தவர்கள் அவரைப் பார்த்தும் சிரித்தார்கள். முகம் சிவந்து உட்கார்ந்துவிட்டார். பாவம், நல்லவர். ஒரு தடவை எழுந்ததே பெரிய விஷயம்.

மூன்றாவது வரிசையைப் பார்த்தேன். என் மனைவி பாதி எழுந்திருந்தாள். நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் உதட்டோரம் கொஞ்சம் சிரித்தேன். அவள் நெஞ்சில் கை வைத்து மூச்சை விட்டு, உட்கார்ந்து, சிரித்தாள். பக்கத்து வீட்டு அம்மாவின் தோளில் சாய்ந்து சிரித்தாள். அவளைத் தயவுசெய்து எதுவும் கேட்காதீர்கள். அவள் மனசு தாங்காது. எனக்கு அந்த விஷயத்தில் கொஞ்சம் இளகிய மனசு.

கடைசியாக அவன் ஒரு தடவை கையை நீட்டினான். அப்புறம் பக்கவாட்டில் சாய்ந்தான். நான் குனிந்து அவனுக்கு இடது செருப்பை மாட்டிவிட்டு, நிமிர்ந்து, கூட்டத்தை வணங்கினேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். அது அடங்கும்வரை நின்றேன். அதன் பிறகுதான் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னேன். அதற்கும் முதலில் சிரித்தார்கள்.

ஆக, நான்தான் செய்தேன். தெரிந்து செய்தேன். வேலியே பயிரை மேய்ந்தது என்று நாளை பேப்பரில் போடுவார்கள், போடட்டும். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். படுக்கையில் கிடந்து, மருந்து நாற்றத்தில், ஒருவரும் பக்கத்தில் இல்லாமல் போகிறவர்கள் எத்தனை பேர். அவன் அத்தனை சிரிப்புக்கு நடுவே போனான். ஒரு கலைஞனுக்கு அதைவிட என்ன வேண்டும். அவனுக்காகத்தான் நான் அந்தச் சிரிப்பை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். இதில் எனக்கென்று எதுவும் இல்லை.

ஒரே ஒரு உதவி. அரங்கத்துக்காரர்கள் எடுத்த வீடியோ உங்களிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். படம் வேண்டாம், சத்தம் போதும். நான் மருந்தை அடித்தபோது வந்த சிரிப்பு பெரிதா, அவன் கடைசியாகக் கையை நீட்டியபோது வந்தது பெரிதா என்று கொஞ்சம் கேட்டுச் சொல்லுங்கள்.

அவனுடையது பெரிதாக இருந்தால் சொல்லவேண்டாம்.