டிவி மாமியாருக்கு விழுந்த செருப்பு

பசறையிலிருந்து பதுளைக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் தேயிலைக் கொழுந்து பறிக்கும் பெண்கள் இருவர் இருந்தார்கள். இளையவள் சத்தமாகவே சொன்னாள்:

“நேத்து அந்த மாமியாரைச் செருப்பால அடிச்சுட்டேன்க்கா.”

“அடிப்பாவி! ஒன் மாமியாரையா?”

“டிவி நாடகத்துல வர்ற மாமியாரக்கா. தோட்டத்துக் கணக்கப்பிள்ளை வீட்டுல எல்லாரும் பாத்துக்கிட்டிருந்தோம். மருமக சாப்புடுறப்ப தட்டப் புடுங்குனா. பொறுக்கல, வீசிட்டேன்.”

“சிங்கள நாடகமாச்சே, ஒனக்கு என்னா வெளங்குச்சு?”

“தட்டப் புடுங்குறதுக்குப் பாஷை வேணுமா? மகன்காரன் வேற மரக்கட்டையாட்டம் நிக்கிறான். அந்த நடிப்புக்கு எங்க வீட்டுக்காரரே போதும்.”

“டிவி ஒடஞ்சிருச்சா?”

“ஒன்னும் ஆகல. கணக்கப்பிள்ளைதான் இனி வராதேன்னுட்டாரு.”

“ஒன் மாமியா என்னா சொன்னுச்சு?”

“பக்கத்துலதான் ஒக்காந்து பாத்துக்கிட்டிருந்துச்சு. இன்னைக்குக் காலையில எனக்கு முன்னாடி எந்திரிச்சுத் தேத்தண்ணி ஊத்தி வச்சிருக்குக்கா!”