நெட்டைக்கல்லில் ஏறினால் கடல் தெரியும்

மலையேற ஷூ எல்லாம் தேவையில்லை சார். வெறுங்கால் போதும். பாறை சூடேறுவதற்குள் ஏறி, சூடேறுவதற்குள் இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான். பதினொரு வருஷமாக ஞாயிறு தவறாமல் நெட்டைக்கல் ஏறியவன் சொல்கிறேன். என் தொப்பையைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். அது என்னோடு ஏறி என்னோடே இறங்கிவிடும். விசுவாசமான தொப்பை.

நெட்டைக்கல் என்பது குடுமியான்மலைக்கு வடக்கே, எங்கள் ஊரை ஒட்டி நிற்கிற மொட்டைப் பாறை. நம் மாவட்டத்தில் மலையும் உண்டு, கடலும் உண்டு. நடுவில் எண்பது கிலோமீட்டர்தான் இடைஞ்சல். அந்த எண்பதை நான் எடுத்துவிட்டேன்.

என் மனைவி செங்கமலம் கட்டுமாவடிக்காரி. அங்கே மீனுக்கு ஐஸ் ஏற்றிப் போன வேன் டிரைவர் நான். ஐஸ் உருகியது, அவளும் உருகினாள் என்று கல்யாணமான புதிதில் சொல்லித் திரிந்தேன். அவள் அப்பா மட்டும் உருகவில்லை. "இனிமே இந்தக் கரைய மிதிச்சிராத" என்று மகளை அனுப்பிவிட்டார்.

எங்கள் வீட்டில் அவள் சிரித்தாள், சமைத்தாள், மாட்டுக்குப் புல் அறுத்தாள். ஆனால் கொல்லையில் துணி காயப்போடப் போனால், கிழக்கே பார்த்துக்கொண்டு, துணி காய்ந்த பிறகுதான் திரும்புவாள். எனக்கு இளகிய மனசு. ஒரு மார்கழி ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவளை மலைக்குக் கூட்டிப்போய், உச்சியில் நிறுத்தி, கிழக்கே கை நீட்டினேன்.

"அந்தா பாரு, ஒங்க கடலு."

தெரிந்தது கண்மாய். நிறைந்து, பனிமூட்டத்தில் கரை தெரியாமல் கிடந்தது. கட்டுமாவடிக் கடலைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அதில் அலையே இருக்காது, கண்மாய் மாதிரிதான் சும்மா கிடக்கும். சென்னைப் பக்கத்துப் பெண்ணைக் கட்டியிருந்தால் இந்தப் பொய் ஒரு நிமிஷம் நின்றிருக்காது. செங்கமலம் வெகுநேரம் பார்த்தாள்.

"ஆமாங்க, கடலுதான்" என்றாள்.

அன்றிலிருந்து வாராவாரம். பாதி வழியில் ஒரு வேம்பு, அங்கே ஒரு மடக்கு தண்ணீர். உச்சியில் முறுக்கு. கோடையில் கண்மாய் வற்றி வெடித்துப்போகும்.

"என்னங்க, கடலக் காணோம்?"

"உள்வாங்கியிருக்கும்."

"ஆடியில வந்துருமா?"

"ஐப்பசி ஆகும்."

அவள் தலையாட்டிக்கொண்டு முறுக்கைக் கடிப்பாள். என் வாழ்க்கையில் நான் பெரிய ஆளாக இருந்தது அந்தப் பாறையின் மேல்தான்.

இந்த மார்கழியில் அவள் தம்பி வெற்றிசெல்வன் வந்தான். பதினொரு வருஷத்தில் முதல் தடவை. "அப்பாவுக்கு முடியல மச்சான். அக்காவப் பாக்கணும்னு எங்க மொகத்த மொகத்தப் பாக்குறாரு. நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றான். அவன் சொல்லி முடிப்பதற்குள் செங்கமலம் பையை எடுத்துவிட்டாள்.

அவள் திரும்பி வருவாள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நிஜக் கடலில் ஒரு தடவை கால் நனைத்தவள் மறுபடி நெட்டைக்கல்லுக்கு வருவாளா? அதுதான் என் கவலை.

காபி குடிக்கும்போது அவனே ஆரம்பித்தான். "ஒங்க மலையிலேர்ந்து கடல் தெரியுமாமே மச்சான். எங்க மீன்புடி போட்டு நிக்குதான்னு பாத்துருவோம்." செங்கமலம் அவனைப் பார்த்து, "பாத்துட்டுப் பேசாம எறங்கி வாடா" என்றாள். மறுநாள் விடிந்ததும் கூட்டிப்போனேன்.

உச்சியில் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு பார்த்தான். கடலில் தொலைதூரம் பார்த்துப் பழகிய கண்.

"மச்சான், கடல்ல எரும குளிக்குது."

முதலில் சிரித்தது நான்தான் சார். நல்ல நகைச்சுவைக்கு நான் எப்போதும் மரியாதை கொடுப்பவன். அவனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். முறுக்கைப் பாதி பாதி தின்றோம். கொஞ்சம் பேசினோம். பிறகு, இன்னும் இரண்டடி தள்ளி நின்றால் எருமைகளை எண்ணவே முடியும் என்றேன். போய் நின்றான். தள்ளினேன். முரட்டுத்தனமாக இல்லை. குழந்தையைப் பள்ளிக்கூட வாசலுக்குள் அனுப்புகிற மாதிரி.

நேரே தரைக்குப் போகவில்லை. பாதியில் ஒரு பாறை இடுக்கில் விழுந்து, "மச்சான், காலு போச்சு, யாரையாச்சும் கூப்புடுங்க" என்றான். ஊருக்கு இறங்க நாற்பது நிமிஷம் ஆகும். நான் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டேன். வெயில் ஏறி, பாறை சுட்டது. ஒரு மணி நேரம்தான் கூப்பிட்டான். செல்பி எடுக்கும்போது வழுக்கிவிட்டான் என்று சொன்னேன். நீங்களும் நம்பினீர்கள், செங்கமலமும் நம்பினாள்.

அவள் தம்பியின் உடலோடு கட்டுமாவடி போனாள். திரும்பவில்லை. போன் எடுப்பதில்லை. போன ஞாயிறு தனியாக மலையேறிப் பார்த்தேன். கண்மாய்தான் தெரிந்தது. அதனால்தான் இங்கே வந்தேன்.

அவள் நம்பிக்கை உடைந்துவிடக் கூடாது என்றுதான் செய்தேன். கீழே இறங்கியதும் அவன் சொல்லிவிடுவான் அல்லவா? இதைத் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

முறுக்குத் தின்னும்போது என்ன பேசினீர்கள் என்று உங்கள் ஏட்டையா கேட்கிறார். விடாக்கண்டர். சொல்கிறேன். வெற்றிசெல்வன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னான்: "கோவிச்சுக்காதீங்க மச்சான். அக்காவுக்கு மொத நாளே தெரியும். மனுசன் எம்புட்டு ஆசையாக் காட்டுறாரு, கண்மாயின்னு சொன்னா ஒடஞ்சு போயிருவாரு, நீயும் வாயத் தெறந்துராதடான்னு சொல்லித்தான் அனுப்புச்சு. எருமையப் பாத்ததும் எனக்குத்தான் அடக்க முடியல."

அதற்குப் பிறகுதான் இரண்டடி தள்ளி நிற்கச் சொன்னேன்.

இந்தப் பகுதியை மட்டும் விட்டுவிடுங்கள் சார். கோர்ட்டில் படிப்பார்கள், அவள் காதுக்குப் போகும். இத்தனை வருஷம் எனக்காக நடித்தது எனக்குத் தெரிந்துபோயிற்று என்றால் தாங்க மாட்டாள். அவள் மனசு நோகக் கூடாது. நான் செய்ததெல்லாம் அதற்காகத்தான்.