கோலில் எந்தத் தியோடர்?

வெயிலில் உட்கார்ந்து ஹாக்கி பார்க்கிறவர்கள் மோரில் உப்பை ஒரு சிட்டிகை கூடவே போட்டுக்கொள்ள வேண்டும். வருஷா வருஷம் சொல்கிறேன், ஒருவரும் கேட்பதில்லை. பிறகு இரண்டாம் பாதியில் தலை சுற்றுகிறது என்று என் தோளில் வந்து சாய்கிறீர்கள். சாய்ந்துகொள்ளுங்கள் கண்ணுங்களா, அதற்குத்தானே நான் இருக்கிறேன். இந்தச் சனிக்கிழமை ஒரு குடமே கொண்டுவருகிறேன்.

நேற்று நம் கோச் ஜெயராஜ் லிங்கராஜபுரத்து வீட்டுக்கே வந்துவிட்டான். அரையிறுதிக்குத் தியோடரைக் கோலில் நிறுத்துவதா, ஜாய்சனை நிறுத்துவதா என்று கமிட்டியில் சண்டையாம். "ஆண்டி, முப்பது வருஷமா ஒரு மேட்ச் விடாம பாத்திருக்கீங்க. நீங்க எழுதிக் குடுங்க, வாசிச்சிட்டு முடிவு பண்றோம்" என்றான். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். மீதிப் படிப்பெல்லாம் தமிழ்ப் பூசையில் அறிவிப்பு வாசித்து வாசித்து வந்தது. எழுபத்துமூன்று வயதில் என்னிடம் எழுத்தில் கருத்துக் கேட்கிறார்கள் என்ற சந்தோஷத்தில் அடுப்பில் வைத்த பாலை மறந்து, பாத்திரம் கரியாகிவிட்டது. போகட்டும், பாத்திரம்தானே.

கருத்துக்கு வருகிறேன்.

லீக் ஆட்டத்துக்கு மாமியார் மாதிரி ஒரு கோல்கீப்பர் வேண்டும். எதையும் விடக் கூடாது, எதையும் மறக்கக் கூடாது, முன்னால் நிற்கிறவர்களை ஓயாமல் திட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நாக்-அவுட்டுக்கு அது உதவாது. தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டிய ஆட்டத்தில், வீட்டுக்குப் போக மனசில்லாதவன்தான் நிற்க வேண்டும். உள்ளே ஒன்றுமே இருக்கக் கூடாது. கழுவிக் கவிழ்த்த பாத்திரம் மாதிரி இருக்க வேண்டும்.

அதை எப்படிக் கண்டுபிடிப்பது? சுலபம். ஒரு கோல் விழுந்ததும் கீப்பர் எங்கே பார்க்கிறான் என்று பாருங்கள். அம்பயரைப் பார்த்தால் கோபக்காரன், பரவாயில்லை. தரையைப் பார்த்தால் ரோஷக்காரன், நல்லது. கேலரியைப் பார்த்தால் முடிந்தது கதை. அங்கே அவனுக்கு யாரோ இருக்கிறார்கள்.

ஜாய்சனுக்கு இருபத்திரண்டு வயது, காலை நீட்டினால் கம்பத்துக்குக் கம்பம் எட்டுகிறது. ஆனால் கேலரியில் மூன்று சிநேகிதர்கள் அவனை ஃபோனில் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள். அவன் பாய்வது பந்துக்காக இல்லை, ரீல்ஸுக்காக. பந்து வலப்பக்கம் போனாலும் ஃபோன் இடப்பக்கம் இருந்தால் அவன் இடப்பக்கம்தான் பாய்வான்.

தியோடர் வேறு மாதிரி. லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவன், முப்பத்தாறு வயது, மெதுவானவன். ஆனால் நாலு வருஷத்துக்கு முன்னால் அவன் அம்மா செவ்வாய்க்கிழமை இறந்து, புதன்கிழமை தங்கவயலில் அவர்கள் குடும்பக் கல்லறையில் அடக்கம் செய்து, சனிக்கிழமை வந்து கோலில் நின்றான் பாருங்கள், அந்த ஆட்டத்தை நான் மறக்கவே மாட்டேன். ஜீவனஹள்ளிப் பையன்களுக்குப் பதினோரு பெனால்டி கார்னர். ஒன்றுகூட உள்ளே போகவில்லை. அவன் கண்ணே இமைக்கவில்லை. எனக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறிவிட்டது. அடுத்த வாரமே கொஞ்சம் தேறிவிட்டான். மூன்று கோல் விட்டான்.

ஆக, ஜெயராஜ் தாளில் இரண்டு பெயர் எழுதியிருக்கிறான். நான் எண்ணினால் மூன்று கீப்பர் வருகிறது. ஜாய்சன், தேறிய தியோடர், அந்தச் சனிக்கிழமைத் தியோடர். மூன்றாமவன்தான் வேண்டும் என்று எனக்கு அன்றைக்கே தெரியும். அவனை எப்படி வரவழைப்பது என்பதுதான் தெரியவில்லை.

போன வருஷம் தெரிந்துகொண்டேன்.

போன வருஷம் அவனுக்கு யூனிஸ் நிச்சயமானாள். ஜீவனஹள்ளிப் பெண், நர்சரி டீச்சர், தங்கமான பிள்ளை. என் ஃபோனில் எழுத்தைப் பெரிசாக்கிக் கொடுத்ததே அவள்தான். ஆட்டத்துக்கு வரும்போது கொய்யாப்பழம் நறுக்கி டப்பாவில் கொண்டுவந்து என் பக்கத்தில் உட்காருவாள். மிளகாய்ப்பொடி சரியான அளவில் போட்டிருப்பாள். இவனானால் ஒவ்வொரு கோல் விழுந்ததும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கேலரியைப் பார்த்துச் சிரிப்பான். கோல் விட்டுவிட்டுச் சிரிக்கிற கீப்பரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

கல்யாணம் ஃபைனலுக்கு அடுத்த வாரம் என்று வைத்திருந்தார்கள். கல்யாண ஓலையை மூன்று ஞாயிறு பூசையில் அறிவிக்க வேண்டும். முதல் ஓலையை நான்தான் வாசித்தேன். இரண்டாவதையும் நான்தான் வாசித்தேன். "இவர்கள் திருமணத்துக்குத் தடை ஏதேனும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குத்தந்தையிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்." எத்தனையோ வருஷமாக எத்தனையோ ஜோடிக்கு வாசித்த வரிதான். அன்றைக்கு வாசிக்கும்போதுதான் அது என்னைப் பார்த்துச் சொல்கிற மாதிரி இருந்தது. கடமை என்று அதிலேயே இருக்கிறது.

கால் பேடின் வார் அறுந்தால் தைத்துக் கொடுப்பது நான் என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சமயத்தில் ஒருநாள் தியோடர் என் கூடத்தில் உட்கார்ந்து சொன்னான்: "மாசாமாசம் முதல் திங்கக்கிழமை, ஆஃப் அன்னிக்கு, தங்கவயல் போறேன் ஆண்டி. அம்மா கல்லறையில கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வருவேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கோச் காதுல விழுந்துச்சுனா சீசன் பூரா என்னை ஓட்டுவார்."

"யூனிஸ்கிட்ட சொன்னியாப்பா?"

"கம்பெனி வேலைன்னு சொல்லியிருக்கேன். கல்யாணம் ஆனதும் கூட்டிட்டுப் போய்ச் சொல்லலாம்னு."

சொல்ல மாட்டேன் என்று அவன் கையைப் பிடித்து வாக்குக் கொடுத்தேன். யாரிடமும் சொல்லவும் இல்லை. எழுதினேன். மூன்றே வாக்கியம். மணமகன் மாதம் முதல் திங்கட்கிழமை தங்கவயல் போகிறார். யாரைப் பார்க்கப் போகிறார் என்று அவரையே கேட்கவும். அங்கே ஒரு பெண்ணோடு பதிவுத் திருமணம் ஆகியிருப்பதாகப் பேச்சு. மூன்றில் இரண்டு சத்தியம். இந்தக் காலத்தில் அது நல்ல விகிதம்.

திங்கட்கிழமை பங்கு அலுவலகக் கதவின் கீழே தள்ளிவிட்டேன். செவ்வாய்க்கிழமை ஃபாதர் அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"அன்னாம்மா, பங்குல எல்லார் கையெழுத்தும் உங்களுக்குத் தெரியுமே. இது யாருதுன்னு பாருங்க."

கண்ணாடி போட்டுப் பார்த்தேன், கழற்றியும் பார்த்தேன். "இடது கையால எழுதின மாதிரி இருக்கு ஃபாதர்" என்றேன். அதுவும் சத்தியம்தான். அவர் போன பிறகு தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மாறி உட்கார்ந்த நாளுக்கு அப்புறம் அப்படி ஒரு சிரிப்பு எனக்கு வந்ததில்லை.

புதன்கிழமை இரண்டு குடும்பத்தையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். காபி போட நான் போயிருந்தேன்.

"தங்கவயல் போறது உண்மையா?" என்று ஃபாதர் கேட்டார்.

"போறேன் ஃபாதர். அம்மா கல்லறைக்கு."

யூனிஸின் அண்ணன் தியோடரைப் பார்த்துச் சிரித்தான். "அம்மா கல்லறைக்குப் போறத எவனாச்சும் மறைப்பானா குரு? சும்மா கதை விடாத."

தியோடர் என்னைப் பார்த்தான். அந்த அறையில் உண்மை தெரிந்தவள் நான் ஒருத்தி. நான் வாயைத் திறந்திருந்தால் இரண்டு நிமிஷத்தில் முடிந்திருக்கும். ஆனால் வாக்குக் கொடுத்திருக்கிறேனே. வாக்குத் தவறுகிறவள் என்று என்னை ஒருவரும் சொன்னதில்லை. காபியில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டிருந்தேன்.

யூனிஸ் அழவில்லை. "அந்த லெட்டரை நான் நம்பல ஃபாதர். ஆனா இவர் என்கிட்ட கம்பெனி வேலைன்னு சொன்னார்." பிறகு அவன் பக்கம் திரும்பி, "ஒவ்வொரு மாசமும் சொல்லியிருக்கீங்க. எவ்ளோ சாதாரணமா சொன்னீங்க" என்றாள். மோதிரத்தைக் கழற்றி என் காபித் தட்டில் வைத்தாள். கப்போடு சேர்த்துக் கழுவிவிடப் போகிறேனே என்று நான்தான் எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தேன். கவனியுங்கள், அவள் போனது என் கடிதத்தால் இல்லை, அவன் சொன்ன பொய்யால். பொய் சொல்லச் சொன்னது நானா?

வாசலில் அவன் கேட்டான்: "நீங்களாவது சொல்லியிருக்கலாமே ஆண்டி."

"நீதானேப்பா சொல்லாதேன்ன."

"ஆமா. நான்தான் சொன்னேன்." மோதிரத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். "யூனிஸ்கிட்ட நீங்க ஒரு வார்த்தை பேசுங்க ஆண்டி. உங்கள நம்புவா."

"ஃபைனல் முடியட்டும் கண்ணா. நானே நேர்ல போய்ப் பேசறேன். இது ஃபோன்ல பேசற விஷயமா?"

சனிக்கிழமை அரையிறுதிக்கு வந்தான். வேறு எங்கே போவான். பேடைக் கட்டினான், ஹெல்மெட் போட்டான், கேலரிப் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு முதல் நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது. வந்துவிட்டான். மூன்றாவது தியோடர் வந்துவிட்டான்.

கண்ணுங்களா, உங்களுக்கு நினைவிருக்கும். கோலில்லாமல் முடிந்து ஷூட்-அவுட். எதிராளி தனியாகப் பந்தை ஓட்டிக்கொண்டு வர எட்டு நொடி, எதிரே கீப்பர் ஒருத்தன். ஐந்து பேர் வந்தார்கள். ஒருவன் இடம் காட்டி வலம் போனான், இவன் அசையவே இல்லை, பந்து தானாக வந்து பேடில் படுத்துக்கொண்டது. ஒருவன் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு எட்டு நொடியையும் தின்று தீர்த்தான். ஐந்தாவது ஆள் இவன் முகத்தைப் பார்த்துப் பயந்து வெளியே அடித்தான். என் ஒரு செருப்பு பறந்து அம்பயர் மேஜையில் விழுந்தது. இன்றுவரை அதை ஜாய்சனுடையது என்கிறார்கள்.

மறுநாள் பூசையில் மூன்றாவது ஓலை இல்லை. அந்த இடத்தில் அரையிறுதி வெற்றியை வாசித்தேன், எல்லோரும் கைதட்டினீர்கள்.

ஃபைனலில் ஒன்பது பெனால்டி கார்னர், ஒன்பதையும் தடுத்தான். ஒன்றுக்குப் பூஜ்யம். முப்பத்தொரு வருஷத்தில் முதல் கோப்பை. லாரி, பேண்டு, பீப்பி ஊதின சிஸ்டர், லாரியின் மேல் நான். அன்றைக்கு நான் ஆடியதை வீடியோவில் பார்த்துவிட்டுத் துபாயிலிருந்தெல்லாம் ஃபோன் வந்தது. தியோடரைத் தோளில் தூக்கினீர்கள். கோப்பையை அவன் கையில் கொடுத்தீர்கள். டூல் பாக்ஸைப் பிடிக்கிற மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

யூனிஸிடம் பேசப் போகத்தான் இருந்தேன். லாரியில் ஆடியதில் முழங்கால் பிடித்துக்கொண்டது, மூன்று வாரம் படி இறங்க முடியவில்லை. நான் இறங்கியபோது அவள் மஸ்கட்டில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டிருந்தாள். தங்கவயலிலிருந்து ஃபாதருக்குப் பதில் வந்தது, அப்படி ஒரு திருமணமே இல்லை என்று. தியோடரின் பெயர் சுத்தமாகிவிட்டது. ஆக யாருக்கும் நிரந்தரமான நஷ்டம் இல்லை என்றுதான் நான் நினைத்தேன். டிசம்பரில் அவளுக்கு அங்கேயே கல்யாணம் நடந்தது. அதற்கான ஓலையை இங்கே நம் பூசையிலும் வாசிக்க வேண்டுமே, அதையும் நான்தான் வாசித்தேன். தியோடர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து கேட்டான்.

இப்போது இந்த வருஷத்துக்கு வருகிறேன், ஏனென்றால் கேள்வி இந்த வருஷத்தைப் பற்றியது.

அவன் தேறிவிட்டான். அதுதான் சங்கடம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என் வீட்டில்தான் சாப்பிடுகிறான். பிரஷர் மாத்திரை வாங்கி வருகிறான், சிலிண்டர் மாற்றித் தருகிறான். சுவரில் நான் பிடித்து நடக்க ஒரு கம்பி அடித்துக் கொடுத்தான், லிஃப்டில் இருக்குமே அந்த மாதிரி. போன மாதம் நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்றான். ஆண்டி என்று சொல்லவில்லை. நான் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தேன்.

லீக்கில் ஏழு கோல் விட்டிருக்கிறான். ஒவ்வொரு கோலுக்கும் கேலரியைப் பார்க்கிறான். மூன்றாவது ஆட்டத்தில்தான் எனக்கு உறைத்தது, அவன் பார்ப்பது என்னை. நானும் அறியாமல் மோர் டம்ளரைத் தூக்கிக் காட்டிச் சிரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நிறைய யோசித்தேன். அவனுக்கு இப்போது என்னைத் தவிர யாரும் இல்லை. நான் செத்துப்போனால் வேலை கச்சிதமாக முடியும், வயதும் ஆகிவிட்டது. ஆனால் அரையிறுதியைப் பார்க்க முடியாதே. அதனால் வேறு வழியைப் பிடித்தேன். உண்மையைச் சொல்லிவிடுவது. ஒரு பிள்ளை அம்மா என்று கூப்பிட்ட பிறகும் மறைத்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய பாவம். மனசாட்சி உள்ளவள் எத்தனை நாள் தாங்குவாள்.

ஆகவே என் கருத்து: தியோடரையே நிறுத்துங்கள். ஜெயராஜு, இதைக் கமிட்டியில் வாசிக்காதே, உன் பையில் வைத்துக்கொள். வெள்ளிக்கிழமை வேண்டாம், தூங்கி எழுந்தால் தேறிவிடுவான். சனிக்கிழமை மூன்று மணிக்கு ஆட்டம். இரண்டே முக்காலுக்கு, இடது கால் பேடில் நான் புதிதாகத் தைத்த வாரைக் கட்டி முடித்ததும், இந்தக் கடிதத்தை அவன் கையில் கொடு. முழுக்க வாசிக்கட்டும், அவசரப்படுத்தாதே.

நான் வழக்கமான இடத்தில், மோர்க்குடத்தோடு உட்கார்ந்திருப்பேன். அவன் என் பக்கம் திரும்பிப் பார்க்காவிட்டால், நாம் ஜெயித்துவிட்டோம்.